ஓப்பன் ரெயில்ஸில் கரிக்கோச்சி ஓட்டுவது: தீயும் தண்ணியும் கைக்கு வரும்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னிக்குள் தண்டவாளம் 1905இலேயே வந்துவிட்டது. 1990இல் நின்ற கோச்சி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. திரும்பி வந்தது டீசல் கோச்சி. கரிக்கோச்சி எப்படி ஓடியது என்பதை இன்று வவுனியாவிலோ மாங்குளத்திலோ இருக்கும் ஒரு இளைஞர் கையால் அறிய வேண்டுமென்றால், கணினி விளையாட்டுத்தான் மிஞ்சியிருக்கும் வழி. அந்த வழியை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

நீராவி எஞ்சினை நன்றாகக் காட்டும் விளையாட்டுகள் பல உண்டு. டிரெயில் வேலி, ரெயில்ரோட்ஸ் ஒன்லைன் இரண்டும் தரமானவை. ஆனால் அவற்றுக்குக் காசும் வேண்டும், பலமான கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். ஓப்பன் ரெயில்ஸ் என்ற கோச்சி ஓட்டும் விளையாட்டு இலவசம். பழைய லப்டொப்பிலும் ஓடும். 2001இல் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காக உருவாக்கப்பட்ட பாதைகளையும் எஞ்சின்களையும் அப்படியே வாசிக்கும். நீராவிக் கணக்கிலும் ஆழமானது: கொதிகலனில் உருவாகும் நீராவி, சிலிண்டர் எடுக்கும் நீராவி, எரியும் கரி எல்லாவற்றையும் தொடர்ந்து கணித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கார் ஓட்டுவதுபோல இதை ஓட்டினால் பத்து நிமிடத்தில் நடுக்காட்டில் நிற்க நேரும்.

பொருத்துவதும் தயார்படுத்துவதும்

ஓப்பன் ரெயில்ஸ் தளத்திலிருந்து நிறுவியை இறக்குங்கள். விளையாட்டு சிறியது, பாதைகள்தான் பெரியவை. தளத்திலேயே இலவசப் பாதைகளுக்கான இணைப்புகள் இருக்கின்றன. மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் ஒரு பாதையை மட்டும் இறக்கி அதை நன்றாகப் பழகுங்கள், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து பென்டிரைவில் கோப்புறையோடு எடுத்துவாருங்கள். பாதைக் கோப்புறையைக் கணினியில் வைத்தபின் ஒப்ஷன்ஸ் சாளரத்தின் கொன்டென்ட் பகுதியில் அதன் இடத்தைக் காட்டினால் போதும்.

முதல் பாதை எது என்பது முக்கியம். மலைப்பாதையை எடுக்காதீர்கள். சமதரையில், பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு ஒரு ஸ்ரேசன் என்று போகும் ஒற்றைத் தண்டவாளக் கிளைப்பாதையே நல்லது. நம்முடைய வடபாதையின் தன்மையும் அதுதான்: வவுனியாவுக்கு வடக்கே ஒற்றைத் தடம், பெரும்பாலும் சமதரை, ஸ்ரேசனில்தான் எதிர்க்கோச்சிக்கு வழிவிட வேண்டும்.

ஒப்ஷன்ஸில் முதலில் தொட வேண்டியவை சில. எளிய இயக்கத்துக்கான ஒரு தெரிவு இருக்கும், அதை அணைத்து வையுங்கள். அது இருந்தால் நீராவியின் உண்மைக் கணக்குப் போய்விடும். எஞ்சின் சூடான கொதிகலனோடு தொடங்கும் தெரிவை இயக்கி வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் அமுக்கம் ஏறப் பார்த்துக்கொண்டிருப்பது தொடக்கத்தில் வேண்டாத வேலை. அமுக்க அலகைப் பீஎஸ்ஐயில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவில் வைத்தால், பழைய எஞ்சின்களின் மானியோடு ஒத்துப்போகும். படம் விக்கி விக்கி வந்தால் பார்வைத் தூரத்தை 2000 மீற்றருக்குக் கீழே இறக்குங்கள், சுற்றுப்புறப் பொருட்களின் அடர்த்தியைக் குறையுங்கள். சித்திரை வெயிலில் லப்டொப் சூடாகித் தானாக வேகத்தைக் குறைக்கும். அடியில் காற்று போக இரண்டு கட்டை வைத்து உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று: எஃப்2 விசை ஓட்டத்தைச் சேமிக்கும். பற்றரி பழுதான லப்டொப்பில் கரண்ட் போனால் ஒரு மணித்தியால ஓட்டம் போய்விடும். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் நின்றதும் எஃப்2 அழுத்துங்கள். சில லப்டொப்களில் எஃப் விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

தொடக்கத் திரையில் பாதை, எஞ்சின், கோச்சித்தொடர், புறப்படும் இடம், நேரம், பருவம், வானிலை ஆகியவற்றைத் தெரிவுசெய்யலாம். எக்ஸ்புளோர் வகையில் தொடங்குங்கள், நேர அட்டவணை நெருக்காது. மழையை இப்போது எடுக்காதீர்கள், தண்டவாளம் வழுக்கும். எஞ்சினோடு ஐந்து பயணிகள் பெட்டி, மொத்தம் ஏறக்குறைய 150 தொன் போதும்.

விசைகள்

எஃப்1 முழுப் பட்டியலையும் காட்டும். எஃப்5 ஓட்டத் தகவலைத் திரையில் வைக்கும், ஷிஃப்டோடு எஃப்5 அழுத்த அடுத்தடுத்த பக்கங்கள் வரும். நீராவி எவ்வளவு உருவாகிறது, எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டும் பக்கம் அவற்றில் ஒன்று. அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறக்க டி, மூட ஏ. திசையையும் சிலிண்டர் எடுக்கும் நீராவியின் அளவையும் மாற்றும் ரிவேர்சரை முன்னே தள்ள டபிள்யூ, பின்னே இழுக்க எஸ். கோச்சி பிறேக்கைப் போட ஒற்றை மேற்கோள் விசை, விட அரைப்புள்ளி விசை. எஞ்சின் பிறேக்குக்குச் சதுர அடைப்பு விசைகள் இரண்டும். ஷிஃப்டோடு அரைப்புள்ளி கைப்பிறேக்கை விடும். சிலிண்டரில் தேங்கிய தண்ணியை வெளியே விடும் சிலிண்டர் கொக்குகளுக்கு சி, சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் போடும் மணலுக்கு எக்ஸ், விசிலுக்கு ஸ்பேஸ். இவை ஓட்டுநர் பக்கம்.

தீமூட்டுபவர் பக்கத்தில், கொதிகலனுக்குள் தண்ணி விடும் இன்ஜெக்டர்கள் இரண்டும் ஐ, ஓ விசைகளில் திறந்து மூடும். அவற்றின் பாய்ச்சலைக் கூட்ட கே, எல். கரி போடும் வீதத்துக்கு ஆர், நீராவியைப் பாய்ச்சித் தீக்கு வளி இழுக்கும் புளோவருக்கு என், தீக்குள் போகும் வளியைக் கூட்டிக் குறைக்கும் டாம்பருக்கு எம், கரி எரியும் ஃபயர்பொக்ஸின் கதவுக்கு எஃப். இந்த வரிசையில் எதையும் குறைக்க ஷிஃப்டைச் சேர்த்து அழுத்துங்கள். கொன்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் தானியங்கித் தீமூட்டுபவர் விலகுவார், எல்லாம் உங்கள் கைக்கு வரும்.

முதல் கட்டத்தில் அவரை விலக்காதீர்கள். ரெகுலேட்டர், ரிவேர்சர், பிறேக் மூன்றும் கைக்கு வரும்வரை தீயை அவர் பார்க்கட்டும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

புறப்படுதல்

1. மானிகளைப் பாருங்கள். கொதிகலன் அமுக்கம் அந்த எஞ்சினின் உச்ச அளவுக்கு அருகில், தண்ணிக் கண்ணாடியில் பாதிக்கு மேல்.

2. கைப்பிறேக்கை விடுங்கள். பிறகு அரைப்புள்ளி விசையால் கோச்சி பிறேக்கை விடுங்கள். வெற்றிட பிறேக் (குழாயில் வெற்றிடம் குறைந்தால் பிடிக்கும், நிறைந்தால் விடும் பிறேக்) உள்ள தொடரில் மானி 21 அங்குல இரசம்வரை ஏற வேண்டும். நீண்ட தொடரில் இதற்கு நேரம் எடுக்கும், காத்திருங்கள். மானி நிறையுமுன் இழுத்தால் பின்பெட்டிகளின் பிறேக் இன்னும் பிடித்தபடிதான் இருக்கும்.

3. ரிவேர்சரை முன்பக்கம் முழுவதும் தள்ளுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அது 75 வீதமளவில் நிற்கும். பிஸ்ரனின் ஓட்டத்தில் 75 வீதம்வரை நீராவி உள்ளே விடப்படுகிறது என்பது அதன் பொருள்.

4. சி அழுத்திச் சிலிண்டர் கொக்குகளைத் திறவுங்கள். நின்ற எஞ்சினின் குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி ஒடுங்கித் தண்ணியாகியிருக்கும். தண்ணியை அமுக்க முடியாது. கொக்கு மூடியிருந்தால் உண்மை எஞ்சினில் பிஸ்ரன் அந்தத் தண்ணியோடு மோதிச் சிலிண்டர் மூடியையே உடைக்கும்.

5. விசில் கொடுங்கள். எஞ்சின் பிறேக்கை விடுங்கள். ரெகுலேட்டரை 10 முதல் 15 வீதம் திறந்து பொறுங்கள். இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபட்டபின்தான் கடைசிப் பெட்டி அசையும். ஒரேயடியாகத் திறந்தால் சக்கரம் சுழலும், அல்லது இணைப்பு உடையும் தெரிவு இயக்கத்தில் இருந்தால் தொடர் இரண்டாகும்.

6. சக்கரம் சில சுற்றுச் சுற்றியதும் கொக்குகளை மூடுங்கள். மறந்தால் ஓட்டம் முழுவதும் நீராவி வெளியே போகும்.

சக்கரம் வழுக்கும் எச்சரிக்கை வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், அதன்பின் மணல், அதன்பின் மெதுவாகத் திறவுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்துக்கு மணல் போட்டால், பிடி கிடைக்கும் கணத்தில் பொறிமுழுதும் அதிர்ச்சி ஏறும்.

ரிவேர்சரைப் பின்னே கொண்டுவருதல்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ரிவேர்சரைத் திசை மாற்றும் கருவி என்று மட்டும் எண்ணி 75 வீதத்திலேயே விட்டுவிடுவார்கள். கோச்சி 40 கிலோமீற்றர் வேகத்தைத் தொடுமுன் அமுக்கம் சரியத் தொடங்கும்.

25 வீதத்தில் வைத்தால் பிஸ்ரனின் கால்வாசி ஓட்டத்துக்கு மட்டும் நீராவி நுழையும். மீதி முக்காலுக்கும் அடைபட்ட அந்த நீராவியே விரிந்து தள்ளும். அதே கரியில் அதிக வேலை. வேகம் கூடக் கூட, ஒரு நிமிடத்தில் சிலிண்டர் நிரம்பும் தடவைகளும் கூடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எடுக்கும் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

150 தொன் தொடரோடு சமதரையில் இப்படிப் பழகுங்கள்: மணிக்கு 15 கிலோமீற்றரில் 60 வீதம், 30இல் 45, 45இல் 35, அதற்குமேல் 25. ஒவ்வொரு தடவை ரிவேர்சரைக் குறைக்கும்போதும் ரெகுலேட்டரைச் சற்றுத் திறவுங்கள். எஞ்சினுக்கு எஞ்சின் எண்கள் மாறும். நீராவித் தகவல் பக்கத்தில் செலவு உருவாக்கத்தைத் தாண்டாத இடமே உங்களுக்கான இடம். சில விநாடிகள் தாண்டலாம். ஐந்து நிமிடம் தொடர்ந்து தாண்டினால் அமுக்கம் விழும், அதை மீட்க அதைவிட நீண்ட நேரம் வேண்டும்.

தீயும் தண்ணியும்

ஒரு ஸ்ரேசனிலிருந்து அடுத்த ஸ்ரேசனுக்குச் சீராகப் போய் நிற்க வந்தபின், கொன்ட்ரோலோடு எஃப் அழுத்தித் தீயைக் கையிலெடுங்கள். மானி இப்போது காட்டுவது ஐந்து நிமிடத்துக்கு முன் நீங்கள் செய்ததன் பலன். ஆகவே மானி விழுந்தபின் கரி போடுபவர் எப்போதும் பிந்தியே நிற்பார். ஐந்து நிமிடத்தில் பாதை என்ன கேட்கப்போகிறது என்று பார்த்து இப்போதே போடுபவருக்குத்தான் நீராவி இருக்கும். இந்த விளையாட்டின் மற்றெல்லாத் திறமையும் இதற்குப் பிறகுதான்.

கரி: கொஞ்சமாக, அடிக்கடி. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் குளிர்ந்த கரி தீயை மூடி, அது பற்றும்வரை வெப்பம் குறையும். புகைபோக்கியில் கருமையான புகை நீடித்தால் கரிக்கேற்ற வளி போகவில்லை, தகனம் முழுமையாகவில்லை என்று அர்த்தம். ஆர் விசையால் வீதத்தைக் குறைத்து டாம்பரைத் திறவுங்கள். புகையே இல்லாமல் அமுக்கமும் விழுந்தால் தீ மெலிந்துவிட்டது. உண்மை எஞ்சினில் மெலிந்த தீயில் ஓட்டை விழுந்து குளிர்ந்த வளி நேரே குழாய்களுக்குள் ஏறும்.

ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியே புகைபோக்கி வழியாகப் பாய்ந்து தீக்கு வளியை இழுக்கும். ரெகுலேட்டரை மூடினால் அந்த இழுவை நின்றுவிடும். அதனால் மூடுவதற்கு முன்னரே புளோவரைத் திறக்க வேண்டும். பின்னர் திறந்தால் உண்மை எஞ்சினில் தீ கதவு வழியாக ஆட்கள் பக்கம் பாயும். விளையாட்டில் அந்த ஆபத்து இல்லாவிட்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான்.

தண்ணி: கண்ணாடியில் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் வையுங்கள். இன்ஜெக்டர் ஒப்பீட்டளவில் குளிர்ந்த தண்ணியைக் கொதிகலனுக்குள் விடுகிறது. 180 இறாத்தல் அமுக்கத்தில் உள்ளேயிருக்கும் தண்ணியின் வெப்பநிலை ஏறக்குறைய 193 பாகை செல்சியஸ். ஆகவே இன்ஜெக்டர் ஓடும்போதெல்லாம் அமுக்கம் இறங்கப் பார்க்கும். ஒரு இன்ஜெக்டரைக் குறைந்த பாய்ச்சலில் தொடர்ந்து ஓடவிடுவது, இரண்டையும் திடீரென முழுதாகத் திறப்பதைவிட நல்லது.

அமுக்கம் விழும்போது இன்ஜெக்டரை மூடினால் மானி உடனே நிமிரும். இது கடன் வாங்குவதுதான். தண்ணி இறங்கிக்கொண்டே போகும், பின்பு அதைத் திருப்பி நிரப்பும்போது அமுக்கம் முன்னையதைவிட மோசமாக விழும். ஸ்ரேசன் இரண்டு கிலோமீற்றரில் இருந்தால் மட்டும் செய்யலாம். அங்கே நின்று இரண்டையும் மீட்கலாம். நீண்ட ஓட்டத்தின் நடுவில் செய்யாதீர்கள்.

தண்ணி மிகக் குறைந்தால் ஃபயர்பொக்ஸின் மேற்தகடு தண்ணிக்கு வெளியே வரும். அங்கேயுள்ள உருகு தக்கை உருகி நீராவி தீக்குள் கொட்டும். தக்கை உருகி எஞ்சின் செயலிழந்துவிட்டது என்ற செய்தி திரையில் வரும், ஓட்டம் அதோடு முடியும். மறுபக்கம், கண்ணாடி நிரம்பி வழிந்தால் கொதிகலன் அளவுமீறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். நீராவியோடு தண்ணியும் சிலிண்டருக்குள் போகிறது. உடனே இன்ஜெக்டரை மூடி, கொக்குகளைத் திறந்து, ரெகுலேட்டரைக் குறையுங்கள்.

தானியங்கித் தீமூட்டுபவரோடு ஓட்டும்போதும் முன்கூட்டித் தீயைப் பெருப்பிக்கலாம். ஏற்றத்துக்குச் சில நிமிடம் முன் ஓல்ட்டோடு எச், இறக்கத்துக்கு முன் தீயைக் குறைக்கக் கொன்ட்ரோலோடு எச். ஓல்ட், கொன்ட்ரோல், எச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பழைய நிலைக்கு வருவார்.

எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரி

ஓமந்தையிலிருந்து பளைவரை 90 கிலோமீற்றர், அதாவது 56 மைல். நடுத்தர எஞ்சின் ஒன்று மைலுக்கு 30 முதல் 40 கலன் தண்ணி எடுக்கும் என்று வைத்தால் 1,680 முதல் 2,240 கலன். 2,500 கலன் டெண்டரோடு, அதாவது எஞ்சினுக்குப் பின்னே கரியும் தண்ணியும் சுமக்கும் வண்டியோடு, அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் போகலாம், ஆனால் கையிருப்பு அதிகமில்லை. ஒரு கலன் தண்ணி 10 இறாத்தல், ஒரு இறாத்தல் கரி 6 முதல் 8 இறாத்தல் தண்ணியை ஆவியாக்கும். ஆக, 7 என்று எடுத்தால் 2,240 கலனுக்குச் சுமார் 3,200 இறாத்தல் கரி, ஏறக்குறைய ஒன்றரைத் தொன். பெரும்பாலான டெண்டரில் கரி மிஞ்சும், தண்ணிதான் முதலில் முடியும். வன்னியில் கோடையைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்: நிறுத்தங்களைத் தண்ணியை வைத்துத் திட்டமிடுங்கள்.

தண்ணிக்குழாய் உள்ள இடத்தில் டெண்டரின் வாய் குழாய்க்கு நேரே வர நிறுத்தி, டி-யை அல்ல, ஆங்கில எழுத்து வரிசையில் எஸ்ஸுக்கு அடுத்துவரும் ரீ விசையை அழுத்திப் பிடியுங்கள். தூரம் தவறினால் எவ்வளவு என்று திரை சொல்லும்.

ஏற்றம்

சமதரையில் ஒரு தொன்னை உருட்ட ஏறக்குறைய 3 கிலோகிராம் இழுவை போதும். நூறுக்கு ஒன்று ஏற்றத்தில் அதோடு இன்னும் 10 சேரும். 200 தொன் தொடருக்குச் சமதரையில் 600, ஏற்றத்தில் 2,600. நான்கு மடங்குக்கும் மேல்! கண்ணுக்கு மேடாகவே தெரியாத ஏற்றமும் இப்படித்தான். சமதரைக்குப் பழகிய கை ஏற்றத்தில் தோற்பதற்குக் காரணம் இந்த எண்தான்.

ஏற்றத்துக்கு மூன்று கிலோமீற்றர் முன் தீயைத் தடிப்பாக்குங்கள், தண்ணியை முக்காலுக்குக் கொண்டுவாருங்கள், அமுக்கம் உச்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அடியில் கிடைக்கும் வேகத்தோடு ஏறுங்கள். வேகம் விழ விழ ரிவேர்சரை ஐந்து ஐந்து வீதமாக முன்னே தள்ளுங்கள். உச்சியைத் தாண்டும் கணம் கவனம்: எஞ்சின் முன்பக்கம் சாயும்போது தண்ணியும் முன்னே ஓடி, ஃபயர்பொக்ஸுக்கு மேல் தண்ணி குறையும். ஏற்றத்தில் கண்ணாடி காட்டியது பொய்யான நிறைவு. உச்சிக்கு முன்னரே நிரப்பியவருக்குப் பயமில்லை.

நிறுத்துதல்

மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் தொடருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் முன் புளோவரைத் திறந்து ரெகுலேட்டரை மூடுங்கள். இன்ஜெக்டரைத் திறவுங்கள். செலவு நின்றதும் அமுக்கம் ஏறும், அதைத் தண்ணியாகச் சேமிப்பது பாதுகாப்பு வால்வு வழியே வானத்துக்கு விடுவதைவிட நல்லது.

வெற்றிடத்தை 21இலிருந்து 15 அங்குலத்துக்கு இறக்கிப் பொறுங்கள். பிறேக் பின்பெட்டிவரை போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். பதறி மேலும் போட்டால் கோச்சி மேடைக்கு முன்னரே நின்றுவிடும். நடையளவு வேகத்துக்கு வந்ததும் பிறேக்கைச் சற்று விட்டால் தூக்கிப்போடாமல் நிற்கும்.

கடவைகளில் விசில் கொடுக்கப் பழகுங்கள். காவலில்லாத கடவையும் தண்டவாளத்தில் ஏறும் மாடும் நமக்குப் புதிதல்ல.

சிவப்புச் சமிக்ஞையில் எதிர்க்கோச்சிக்காக நிற்கும்போது டாப் விசையால் அனுமதி கேட்கலாம். நிற்கும் நேரத்தில் டாம்பரை ஒடுக்கி, புளோவரைக் குறைவாக வைத்து, தண்ணியை ஏற்றிக்கொள்ளுங்கள். புறப்பட மூன்று நிமிடம் இருக்கும்போது தீயைத் திரும்ப எழுப்புங்கள்.

கோச்சி அசையாவிட்டால்

இந்த ஒழுங்கில் பாருங்கள்: கைப்பிறேக், வெற்றிட மானி, எஞ்சின் பிறேக், ரிவேர்சர் நடுவில் நிற்கிறதா, கடைசியாகச் சுமை. வெற்றிட மானி ஏறவே மறுத்தால் கொதிகலன் அமுக்கத்தைப் பாருங்கள். வெற்றிடத்தை உருவாக்கும் எஜெக்டர் நீராவியில்தான் வேலை செய்கிறது. அமுக்கம் மிகவும் விழுந்த எஞ்சினால் இழுக்க முடியாதது மட்டுமல்ல, பிறேக்கை விடவும் முடியாது. அப்போது ரெகுலேட்டரை மூடி, இன்ஜெக்டர்களை மூடி, தண்ணி பாதுகாப்பான அளவில் இருக்கிறதா என்று பார்த்து, புளோவரை முழுதாகவும் டாம்பரை முழுதாகவும் திறந்து, சிறிது சிறிதாகக் கரி போட்டபடி அமுக்கம் ஏறும்வரை நில்லுங்கள். ஷிஃப்டோடு சாய்கோட்டு விசையை அழுத்தினால் பிறேக் தொகுதி உடனே தொடக்க நிலைக்கு வரும். ஓட்டத்தைத் தொடங்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். வழியில் நின்றபின் தீயாலேயே மீளுங்கள்.

ஐந்து பெட்டியோடு இதெல்லாம் சீராக வந்தபின் பத்துப் பெட்டி, பிறகு சரக்குத் தொடர், பிறகு மழை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.